வயோதிபப் பெற்றோருக்கு ஏற்ற பூனை எது?

பிள்ளைகள் வேலைக்கும் பேரப்பிள்ளைகள் பாடசாலைக்கும் போய்விட்டால், இலண்டன் வீடுகளில் எமது வயோதிபர்கள் பலர் மாலைவரை கதைக்க ஆளின்றி இருக்கிறார்கள். சில வீடுகளில் பூனை ஒன்று வாங்குவோமா என்ற பேச்சு எழுந்திருக்கிறது. ஊரில் பூனை எலி பிடிக்கவும் குசினி வாசலில் மீன்தலைக்குக் காத்திருக்கவும் வந்த பிராணி. இங்கே அது வீட்டில் ஒருவராகப் பதினைந்து வருடங்கள்கூட வாழும். ஆகவே அழகைவிடக் குணத்தைப் பாருங்கள் என்போம்.

சாந்தமான இனம் என்றதும் பலரும் சொல்வது ரக்டோல். 1960களில் கலிபோர்னியாவில் உருவான இனம். தூக்கினால் துணிப்பொம்மைபோல் உடம்பைத் தளரவிடும் என்பதால் இந்தப் பெயர். ஆனால் ஆண் பூனை 7, 8 கிலோவுக்கும் வளரும். மூட்டுவாதம் உள்ள அம்மம்மா அதை எப்படித் தூக்குவார்? பேர்சியனும் அமைதியானதே, அதற்கோ தினமும் மயிர் சீவவேண்டும், தட்டை முகத்தால் மூச்சுத் தொல்லையும் வரும். சியாமிஸ் ஓயாமல் கத்தும். பேச்சுத்துணைக்கு அதுவே போதும் என்பவர்களும் உண்டு!

எமது தெரிவு பிரிட்டிஷ் ஷோர்ட்ஹெயர். குட்டை மயிர், நிதானமான சுபாவம். மடியில் ஏறாவிட்டாலும் பக்கத்தில் வந்து படுத்திருக்கும்.

இனப்பூனைக்கு நூற்றுக்கணக்கான பவுண்கள் வேண்டும். 1927இல் தொடங்கிய கற்ஸ் புரொடெக்சன் போன்ற அமைப்புகளில், வீடிழந்த வளர்ந்த பூனைகளைக் குறைந்த கட்டணத்தில் பெறலாம். இதுவே எமக்கு இன்னும் பிடித்த வழி. குட்டியின் குணம் வளர்ந்தபின்தான் தெரியும். ஆறு வயதுப் பூனையின் குணம் இப்போதே தெரியும். குட்டி காலுக்குள் ஓடி வயோதிபரை விழுத்தவும் கூடும்.

பனடோல் ஒரு குளிசைகூடப் பூனையைக் கொல்லும். வெங்காயம், உள்ளி சேர்ந்த கறி கூடாது. சாமிப்படத்துக்கு லில்லிப்பூ வைப்பவர்கள் அதை நிறுத்தவேண்டும். அதன் மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் பழுதாகும். பூனைக்கு மச்சம் அவசியம். சைவக்காரத் தாத்தா மீன் தகரத்தைத் திறக்கச் சம்மதிப்பாரா என்று முதலில் கேளுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால், மணல்தட்டை வேறொருவர் துப்புரவாக்கட்டும்.

இங்கிலாந்தில் 2024 யூன் 10 முதல், பூனைக்கு 20 வாரமாகுமுன் மைக்ரோசிப் பொருத்துவது கட்டாயம். தவறினால் 500 பவுண்வரை தண்டம். வாடகை வீடானால் வீட்டுக்காரரின் அனுமதியை எழுத்தில் பெறுங்கள். அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனால் பூனையை யார் பார்ப்பது என்பதையும் வாங்குமுன் பேசிவையுங்கள். உரியவர் காலமானபின் பூனைக்குப் புதுவீடு தேட, முற்கூட்டியே இலவசமாகப் பதிந்துவைக்கும் வசதி கற்ஸ் புரொடெக்சனில் உண்டு.