உங்களுக்குத் தெரியுமா? பெட்ரோலையே மாற்றிய சட்டம்

பெட்ரோல் ஆவியை முகர்ந்து போதை ஏற்றிக்கொள்ளும் பழக்கம் ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் பழங்குடிச் சிறுவர்கள் பலரின் மூளையைச் சிதைத்தது. சிலரின் உயிரையும் பறித்தது. போதை தருபவை, பெட்ரோலில் உள்ள டொலுயீன் போன்ற அரோமாட்டிக் சேர்மங்கள். சாதாரணப் பெட்ரோலில் இவை ஏறத்தாழ 25 சதவீதம். 2005-இல் பி.பி. நிறுவனம் அதை 5 சதவீதமாகக் குறைத்து 'ஓப்பல்' என்ற பெட்ரோலைக் கொண்டுவந்தது. வண்டி வழக்கம்போல் ஓடும், முகர்ந்தால் போதை ஏறாது. தயாரிப்புச் செலவு கூடுதல் என்பதால் அரசு மானியம் தருகிறது.

சில பங்க்குகள் ஓப்பலை விற்க மறுத்தன. அதற்காகவே 2013-இல் ஒரு சட்டம் வந்தது. அமைச்சர் அறிவிக்கும் பகுதிகளில் சாதாரணப் பெட்ரோல் விற்பதற்கு அதன்படி தடை விதிக்கலாம்.

அங்குள்ள வட ஆட்சிப்பகுதியின் 2005-ஆம் ஆண்டுச் சட்டமும் கவனிக்கத்தக்கது. முகர்வது அதில் குற்றமே அல்ல. போலீஸார் பெட்ரோலைப் பறிமுதல் செய்து, முகர்ந்தவரைப் பாதுகாப்பான இடத்தில் சேர்க்கலாம். நோயுற்ற பிள்ளையைச் சிறைக்கு அனுப்பாத இந்த அணுகுமுறையே சரியானது. ஓப்பல் வந்த ஊர்களில் முகர்வோர் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்ததை ஆய்வுகள் உறுதி செய்துள்ளன.