என்ஜினைக் கழற்ற முன்னர் ஒரு தேக்கரண்டி ஒயில்

ருவான்வெல்லையில் வியாபாரம் செய்பவர்களில் பலருக்குக் கடை பாதி, மோட்டார் சைக்கிள் பாதி. புடவை மூட்டையைக் கட்டிக்கொண்டு யட்டியாந்தோட்டைப் பக்கத் தோட்டங்களுக்கு ஏறுபவரும், புளத்கொஹுபிட்டிய பாதையில் கடை கடையாகச் சாமான் போடுபவரும், றப்பர் ஷீற் வாங்கித் திரிபவரும் நம்பியிருப்பது பெரும்பாலும் பத்துப் பதினைந்து வருடம் ஓடிய 100 சிசி வண்டியைத்தான். தோட்டத்தில் சம்பள நாளன்று அது பாதி மேட்டில் நின்றுவிட்டால், வரவேண்டிய கடன் காசு அடுத்த மாதத்துக்குப் போய்விடும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு இந்தப் பழைய வண்டிகளுக்குத் திடீரென்று மவுசு வந்தது. 2022 ஆரம்பத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர், அதே வருடம் மே மாதத்தில் 360 ரூபாவளவுக்கு ஏறியது. உதிரிப்பாகங்களின் விலையும் அதோடு ஏறியது. தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டாலும், புது வண்டியின் விலையைக் கேட்டவர்கள் ‘இருப்பதைச் செய்து ஓடுவோம்’ என்றுதான் திரும்பி வருகிறார்கள். ஆகவே ‘கொம்பிரஷன் இல்லை, போர் பண்ண வேண்டும்’ என்று கராஜில் சொன்னால் நாம் என்ன கேட்க வேண்டும் என்பதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

கொம்பிரஷன் என்பது பெரிய வித்தையல்ல. சிலிண்டருக்குள் இழுக்கப்பட்ட காற்றையும் பெற்றோலையும் பிஸ்டன் மேலே வந்து இறுக்க வேண்டும். எங்காவது கசிந்தால் இறுக்கம் குறையும், எரிவதின் வேகமும் குறையும். காலையில் பத்துத் தடவை உதைக்க வேண்டியிருக்கும். கிக்கர் எதிர்ப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கும். சமதரையில் ஓடும் வண்டி, சுமையோடு மேடு கண்டதும் இரண்டாம் கியருக்கு வந்துவிடும். கசிவதற்கு மூன்று இடங்கள்தான் உண்டு: பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும், வால்வுகள், ஹெட் கெஸ்கட். இதில் எது என்று தெரியாமல் என்ஜினைக் கழற்றுவது, கணக்குப் பார்க்காமல் கடையை மூடுவது போன்றது.

கண்டுபிடிப்பதற்குக் கொம்பிரஷன் மீற்றர் ஒன்று போதும். என்ஜினைச் சற்றுச் சூடாக்கி, சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் மீற்றரைப் பொருத்த வேண்டும். பிறகு எக்சலேட்டரை முழுதாகத் திருகிப் பிடித்துக்கொண்டு, முள் ஏறி நிற்கும் வரை உதைக்க வேண்டும். எக்சலேட்டரைத் திருகாமல் அளந்தால் காற்றே உள்ளே போகாது. நல்ல என்ஜினும் நோயாளியாகத் தெரியும். இப்படி அளந்து ‘கொம்பிரஷன் இல்லை’ என்று தீர்ப்புச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். இந்த வகைச் சிறிய நாலு ஸ்ட்ரோக் என்ஜின்களில் பொதுவாக 120 முதல் 170 இறாத்தல் வரை காட்டும். சரியான அளவு அந்தந்த வண்டியின் புத்தகத்தில் இருக்கும். 100க்குக் கீழே போனால் யோசிக்க வேண்டும்.

அடுத்ததுதான் முக்கியம். பிளக் ஓட்டைக்குள் ஒரு தேக்கரண்டி என்ஜின் ஒயிலை ஊற்றி, சில தடவை உதைத்து அது சுற்றிப் பரவியதும் மீண்டும் அளக்க வேண்டும். முள் நன்றாக ஏறினால், ரிங்கின் இடைவெளியை ஒயில் தற்காலிகமாக அடைத்திருக்கிறது. தேய்வு ரிங்கிலோ சிலிண்டரிலோ இருக்கிறது. முள் அசையாவிட்டால் குற்றம் மேலே, வால்விலோ கெஸ்கட்டிலோ இருக்கிறது. ஒயிலை அள்ளி ஊற்றக் கூடாது. கூடினால் அதுவே இடத்தை நிரப்பிப் பொய்க் கணக்குக் காட்டும்.

புகையும் ஒரு சாட்சி. வேகம் கொடுக்கும்போது நீலப் புகை வந்தால் ரிங் பக்கம் சந்தேகம். இறக்கத்தில் எக்சலேட்டரை விட்டுவிட்டு மறுபடி கொடுக்கும்போது மட்டும் வந்தால் வால்வு சீல் பக்கம். ஹெட் பொருத்தில் சவர்க்கார நீரைப் பூசிவிட்டு உதைக்கும்போது நுரை கிளம்பினால் கெஸ்கட்.

எங்கள் பகுதிப் புடவை வியாபாரி ஒருவரின் வண்டியை, உதைத்துப் பார்த்த மாத்திரத்திலேயே போருக்கு எழுதிவிட்டார்கள். பணம் புரட்ட நாளெடுத்ததால் அவர் வேறொரு பாஸிடம் காட்டினார். அவர் டெப்பட் மூடியைத் திறந்து பார்த்தபோது எக்சோஸ்ட் வால்வுக்கு இடைவெளியே இல்லை. வால்வு முழுதாக மூடாமல் காற்றை விட்டுக்கொண்டிருந்தது. இடைவெளியைச் சரிசெய்ததும் வண்டி மேடு ஏறியது. டெப்பட் சத்தம் போட்டால்தான் நாம் பயப்படுகிறோம். உண்மையில் சத்தமே இல்லாமல் இறுகிப்போன டெப்பட்தான் வால்வை எரிக்கும். பழைய ஹொண்டா வகை 100 சிசி என்ஜின்கள் சிலவற்றில் இந்த இடைவெளி 0.05 மில்லிமீற்றர்தான். என்ஜின் நன்றாக ஆறிய பிறகு, பிஸ்டன் மேலே நிற்கும்போதே இதை அளக்க வேண்டும்.

வால்வின் வாய் எரிந்திருந்தால் ஹெட்டைக் கழற்றி, பேஸ்ட் போட்டுத் தேய்க்க வேண்டும்; மிக மோசமாக இருந்தால் வால்வை மாற்ற வேண்டும். தேய்த்த பின் வால்வு வழியில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பாருங்கள். சிறிது நேரத்துக்கும் கசியாமல் இருந்தால் வேலை சரி.

குற்றம் கீழே என்றால் செலவு கூடும். ‘ரிங் மட்டும் போடுவோம்’ என்பது மலிவாகத் தெரியும். சிலிண்டர் வட்டமாக இருந்தால் அது சரிதான். முட்டை வடிவில் தேய்ந்திருந்தால் புது ரிங் ஒருபோதும் ஒட்டி உட்காராது. சில மாதத்தில் அதே புகை. ஆகவே சிலிண்டரை மேலும் கீழும் குறுக்கும் நெடுக்கும் அளக்கச் சொல்லுங்கள். போர்தான் என்று உறுதியானால் முதலில் பிஸ்டனை வாங்குங்கள். ஹீரோ ஹொண்டா ஸ்ப்லென்டரின் சிலிண்டர் 50 மில்லிமீற்றர். அடுத்த அளவுப் பிஸ்டன் 0.25 கூடியது, அதற்கடுத்தது 0.50. கையில் பிஸ்டனைக் கொடுத்து, அதற்கேற்பச் சிலிண்டரைப் போர் பண்ணச் சொல்ல வேண்டும். சிலிண்டரை வெட்டிவிட்டுப் பிஸ்டன் தேடி அலைபவர், கிடைத்ததைப் போட்டுத் திணறுகிறார்.

தேய்வுக்குக் காரணம் பெரும்பாலும் தூசிதான். ‘வண்டிக்கு மூச்சு வேண்டும்’ என்று எயார் கிளீனரைக் கழற்றி எறிந்துவிட்டுத் தோட்டத்து மண் பாதையில் ஓடுவது, சிலிண்டருக்குள் உப்புத்தாள் போடுவதற்குச் சமம். ஒயிலை நேரத்துக்கு மாற்றாதது அடுத்த காரணம். போர் பண்ணிய வண்டியைப் பல நூறு கிலோமீற்றருக்குச் சுமையில்லாமல், ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டாமல் பழக்க வேண்டும். முதல் ஒயிலையும் வழமையை விடச் சீக்கிரமாகவே மாற்ற வேண்டும். கழற்றிய பழைய பிஸ்டனையும் ரிங்கையும் கராஜில் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.