போர்வை போர்த்திய சாஸேஜ்

சென்ற கிறிஸ்துமஸ் லீவில் பேரனின் நண்பர்கள் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. அமெரிக்காவில் வளர்ந்த பிள்ளை; 'பிக்ஸ் இன் எ பிளாங்கெட்' வேண்டுமென்றான். போர்வைக்குள் பன்றிகள்! விரல் நீளச் சாஸேஜை மாவில் சுருட்டி ஓவனில் சுடுவது. (இங்கிலாந்தில் இதே பெயரைச் சொன்னால் மாவுக்குப் பதில் பேக்கன் சுற்றித் தருவார்கள்.) அமெரிக்காவில் மாவு டப்பாவிலேயே கிடைக்கும். நான் பிசைந்தேன்.

200 கிராம் மைதா, ஒரு டீஸ்பூன் ஈஸ்ட், கொஞ்சம் உப்பு, சர்க்கரை, வெண்ணெய், வெதுவெதுப்பான பால் 120 மில்லி. ஒரு மணி நேரத்தில் மாவு இரட்டிப்பாகும். 24 நாடாக்களாக வெட்டிச் சிக்கன் சாஸேஜில் சுற்றினேன், காயில் சுற்றுவதுபோல் இறுக்கமாக.

முதல் தட்டு முழுவதும் வெடித்துப் பிரிந்துவிட்டது! வெயிலில் நீளத் தண்டவாளத்துக்கு இடைவெளி விட்டே முப்பது வருஷம் சம்பளம் வாங்கியவன், மாவுக்கு விட மறந்தேன். உள்மாவும் வேகவில்லை, சாஸேஜின் ஈரத்தைத் துடைக்காத குற்றம்.

மணி நாலு. ஐந்துக்குக் குழந்தைகள் வந்துவிடுவார்கள். மிச்ச மாவைத் தளர்வாகச் சுற்றி, முனை அடியில் இருக்கும்படி, விரல் இடைவெளியில் அடுக்கினேன். 190 டிகிரி, 15 நிமிஷம். பொன்னிறம்!

சாஸேஜைத் தொடாத என் மனைவிக்காகத் தனித் தட்டில் பன்னீர் வைத்து நாலு சுட்டிருந்தேன். அவள் கைக்கு வந்தது ஒன்றுதான்.