சூரைச்செடியின் கீழ் ஒரு துணை



தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்தில் பிள்ளையின் படிப்புக்காக நேர்ந்து மெழுகுதிரி ஏற்றுகிறோம். பிள்ளை பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானதும் நேர்த்தி நிறைவேறியதென மகிழ்கிறோம். ஆனால் கற்பிட்டியிலிருந்தும் சிலாபத்திலிருந்தும் தொலைவூர் விடுதிக்குச் சென்ற பிள்ளை தனித்து அழும் இரவுகளை நாம் அறிவோமா?

1995இல் இலங்கையில் இலட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் மாண்டனர். கொடிய பூச்சிநாசினிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டபின், 2005க்குள் அவ்விகிதம் பாதியாயிற்று. ஆகவே இது விதியன்று, தடுக்கக்கூடியதே.

சூரைச்செடியின் கீழ்ச் சாவை வேண்டிய எலியாவை வானதூதர் கடிந்துகொள்ளவில்லை. தட்டியெழுப்பி உணவும் நீரும் தந்தார், மறுமுறையும் வந்தார். கல்லூரிகளில் மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் அளிக்கப்படும் தற்கொலைத் தடுப்புப் பயிற்சியின் சாரமும் இதுவே: வாடிய முகத்தைக் கவனித்தல், சாக நினைக்கிறாயா என நேரடியாகக் கேட்டல், குறுக்கிடாது செவிமடுத்தல், தனியே விடாதிருத்தல், மருத்துவ உதவியிடம் சேர்த்தல். கேட்பதனால் அவ்வெண்ணம் விதைக்கப்படுவதில்லை. அடைபட்ட மனம் திறக்கிறது.

ஊரார் பேச்சுக்கு அஞ்சி மறைக்காதீர்கள். ஆழ்ந்த உளத்துயர் ஒருவரது பொறுப்பைக் குறைக்கிறது என்றும், இவ்வாறு இறந்தோரின் மீட்பில் நம்பிக்கை இழக்கலாகாது என்றும் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு போதிக்கிறது. 1974 முதல் பணியாற்றும் சுமித்ரயோவும், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி எண்ணும் உதவிக்கு உண்டு.

இன்றிரவு செபமாலை முடிந்ததும் பிள்ளையை அழையுங்கள். புள்ளிகளைக் கேளாதீர்கள். "மனம் எப்படியிருக்கிறது?" என்று கேளுங்கள்; பதில் வரும்வரை காத்திருங்கள்.