மருத்துவர் வரும்வரை மாட்டைக் காப்பது எப்படி?

ஒரகடம், வல்லம், வடகால் பக்கத்துக் கிராமங்களில் ஆள் பற்றாக்குறை என்றால் நடவுக்கும் அறுவடைக்கும் ஆள் கிடைக்காததையே சொல்வது வழக்கம். கால்நடை மருந்தகத்திலும் இதே குறை உண்டு. ஒரு மருந்தகத்தில் மருத்துவர் பணியிடம் காலியானால், பக்கத்து மருந்தகத்தின் மருத்துவர் அதையும் கூடுதல் பொறுப்பாகக் கவனிக்கிறார். காலையில் ஓரிடம், பிற்பகலில் வேறிடம், இடையில் தடுப்பூசிப் பணி, காப்பீட்டுச் சான்று, பிரேதப் பரிசோதனை என்று அவருடைய நாள் போய்விடுகிறது.

5,000 மாட்டு அலகுகளுக்கு ஒரு மருத்துவர் வேண்டும் என்று தேசிய வேளாண்மை ஆணையம் 1976-லேயே பரிந்துரை செய்தது. (ஆடு, கோழிகளையும் மாட்டுக் கணக்கில் மாற்றிக் கூட்டுவதே மாட்டு அலகு.) தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் 2019-ல் ஒரே அறிவிப்பில் 1,141 கால்நடை உதவி மருத்துவர் பணியிடங்களுக்கு விண்ணப்பம் கேட்டது என்பதிலிருந்தே, அப்போது எத்தனை இடங்கள் நிரப்பப்பட வேண்டியிருந்தன என்பது விளங்கும்.

இந்த வட்டாரத்தில் வீட்டிலும் ஆள் இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் கார் உற்பத்தி தொடங்கியது. ஒரகடத்தில் 2010-ல் மற்றொரு பெரிய கார் ஆலை வந்தது. அவற்றைச் சுற்றி உதிரிபாகத் தொழிற்சாலைகள் பெருகின. இளைஞர்கள் ஷிப்டு வேலைக்குப் போக, மாடு வயதானவர்கள் கையிலும் பெண்கள் கையிலும் நிற்கிறது. மருத்துவர் வந்தாலும் மாட்டைப் பிடித்துக் கட்ட ஆள் இருப்பதில்லை. ஆகவே கிடைக்கிற மருத்துவரின் நேரம் வீணாகாமல் பார்த்துக்கொள்வதும், எந்த நோய்க்கு ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது என்று அறிந்து வைப்பதும் மாடு வைத்திருப்போரின் பொறுப்பாகிறது.

காத்திருக்கக் கூடாதவை

கன்று ஈனும்போது பனிக்குடம் உடைந்து, மாடு நன்றாக முக்கியும் இரண்டு மணி நேரத்தில் கன்று வெளிவராவிட்டால் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். நாலைந்து பேர் சேர்ந்து கயிறு கட்டி இழுப்பது கன்றையும் கொல்லும், தாயையும் கெடுக்கும். கருப்பை வெளித்தள்ளினால், சுத்தமான ஈரத் துணியால் மூடி, நாயும் காக்கையும் அண்டாமல் காவல் இருக்க வேண்டும். நஞ்சுக்கொடி விழாவிட்டால் கையை விட்டு இழுக்கவோ, அதில் செங்கல்லைக் கட்டித் தொங்கவிடவோ கூடாது. பன்னிரண்டு மணி நேரம் கடந்தும் விழாவிட்டால் மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஈன்ற இரண்டு மூன்று நாள்களுக்குள் நல்ல கறவை மாடு படுத்துவிட்டு எழாமல், கழுத்தை விலாப்பக்கம் மடித்து வைத்துக்கொண்டால் அது பால் காய்ச்சலாக இருக்கலாம். பெயர்தான் காய்ச்சல், காதைத் தொட்டால் சில்லென்று இருக்கும். இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறைவதால் வருவது இது. மருத்துவர் நரம்பில் மருந்து ஏற்றினால் மாடு பெரும்பாலும் விரைவில் எழுந்துவிடும், தாமதித்தால் இறந்துவிடும். அவர் வரும்வரை மாடு பக்கவாட்டில் சாய்ந்துவிடாமல் இரு பக்கமும் வைக்கோல் மூட்டைகளை முட்டுக் கொடுத்து, நெஞ்சின் மேல் படுத்திருக்கச் செய்ய வேண்டும். இந்த நேரத்தில் மாட்டுக்குச் சரியாக விழுங்க வராது. கஞ்சியோ கஷாயமோ மூங்கில் குழாயால் புகட்டினால் அது நுரையீரலுக்குள் போய்விடும்.

இடது வயிறு ஊதி, தட்டினால் மத்தளம் போல் ஒலித்து, மாடு மூச்சுக்குத் திணறினால் அது வயிற்று உப்புசம். முன்கால்கள் மேட்டில் இருக்கும்படி நிறுத்தி, வாயில் குறுக்காக ஒரு குச்சியைக் கட்டினால் மாடு அதை மென்றுகொண்டே இருக்கும். வாயு ஓரளவு வெளியேறும். அதற்குள் மருத்துவருக்கு ஆள் போயிருக்க வேண்டும்.

இதையொட்டி ஒன்று சொல்லியாக வேண்டும். தொழிற்சாலைக் கேன்டீன்களிலும் கல்யாண மண்டபங்களிலும் மிஞ்சும் சோறு மலிவாகக் கிடைக்கிறதென்று கூடை கூடையாக மாட்டுக்குக் கொட்டுவது நல்லதல்ல. அதிகச் சோறு வயிற்றில் புளித்து அமிலமாகி, மாடு அசைபோடுவதை நிறுத்தி, கழிந்து, படுத்துவிடும். மேய்ச்சல் நிலம் குறைந்ததால் சாலையோரம் திரியும் மாடுகள் அதே மிச்சத்தைப் பாலிதீன் பையோடு விழுங்குகின்றன. பை வயிற்றில் தங்கிவிட்டால் அறுவை சிகிச்சை ஒன்றே வழி. மருத்துவர் குறைவாக உள்ள இடத்தில் இவ்விரண்டையும் தவிர்ப்பதுதான் மலிவான வைத்தியம்.

மாடு திடீரென இறந்து மூக்கு, வாய், ஆசனவாய் வழியே இரத்தம் கசிந்தால் அடைப்பான் நோய் என்று சந்தேகிக்க வேண்டும். அதை அறுக்கவோ தோலை உரிக்கவோ கூடாது. அந்நோய் மனிதருக்கும் தொற்றும். அதேபோல், எச்சில் ஒழுக, அடித்தொண்டையில் கத்தும் மாட்டின் வாயில் ஏதோ சிக்கியிருக்கிறதென்று கையை விடக் கூடாது. வெறிநாய்க்கடியாக இருக்கலாம்.

மடிநோயைப் பொறுத்தவரை வீட்டிலேயே தொடங்கக்கூடிய சிகிச்சை உண்டு. சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, கெட்டுப்போன பாலை முழுவதும் பீய்ச்சி எடுத்த பிறகு, அந்த விழுதில் ஒரு கைப்பிடியை நீரில் கரைத்து மடி முழுவதும் பூசி வர வேண்டும். நாளொன்றுக்குப் பத்து முறை, ஐந்து நாள் பூசுவது முறை. தேசிய பால்வள வாரியமும் இதைப் பரப்பி வருகிறது. காய்ச்சல் அடித்தாலோ பாலில் இரத்தம் வந்தாலோ விழுதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது.

மருத்துவருக்குச் சொல்ல வேண்டியது

"மாடு சரியில்லை, உடனே வாங்க" என்பதிலிருந்து மருத்துவர் எதையும் அறிய முடியாது. எத்தனை மாதச் சினை, அல்லது ஈன்று எத்தனை நாள், தீனி எடுக்கிறதா, அசைபோடுகிறதா, சாணம் எப்படி, வெப்பம் எவ்வளவு என்று சொன்னால், எந்த மாட்டை முதலில் பார்ப்பது, என்ன மருந்து எடுத்து வருவது என்று அவர் முடிவு செய்வார். மருந்துக் கடையில் கிடைக்கும் வெப்பமானி ஒன்று வீட்டில் இருப்பது நல்லது. ஆசனவாயில் வைத்துப் பார்த்தால் நலமான மாட்டுக்கு 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை இருக்கும். காதில் மாட்டிய 12 இலக்க அட்டை எண், சினை ஊசி போட்ட தேதி, தடுப்பூசித் தேதி ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வைத்தால், ஷிப்டுக்குப் போன மகனைத் தேடாமல் வீட்டில் இருப்பவரே பதில் சொல்லலாம்.

1962 என்ற எண்ணை அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியின் உதவி கிடைக்கும். தங்கள் ஊருக்கு அது வரும் நாள், நேரம், இரவில் கிடைக்குமா என்பவற்றை மாடு நன்றாக இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

சினைப் பருவத்தில் ஏமாந்தால் 21 நாள் வீண். மாடுகள் பெரும்பாலும் இரவில்தான் பருவத்துக்கு வரும். இரண்டாவது ஷிப்டு முடிந்து வருபவர் படுக்கப் போகும் முன் கொட்டகையை ஒருமுறை பார்த்தால் கண்ணாடி போன்ற கோழை ஒழுகுவது தெரிந்துவிடும். காலையில் அறிகுறி கண்டால் மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் ஊசி போட வேண்டும். ஒரு தெருவில் பத்து மாடு இருந்தால், சினைப் பரிசோதனைக்கும் குடற்புழு நீக்கத்துக்கும் ஒரே நாளைக் கேட்டு வாங்கி, பால் கூட்டுறவுச் சங்கத்தின் அருகே நாலு கழி நட்டு மாட்டை நிறுத்தும் கூண்டு ஒன்று அமைத்துக்கொள்ளலாம். பத்து வீட்டுக்கும் தனித்தனியே நடக்கும் வேலை ஒரே காலையில் முடியும்.

கோமாரி நோய்க்கு ஆண்டுக்கு இரு முறை இலவசத் தடுப்பூசி போடும் தேசியத் திட்டம் 2019-ல் தொடங்கியது. கருச்சிதைவு நோய்க்கு 4 முதல் 8 மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு ஒரே முறை போட்டால் போதும். முகாம் நாளில் மாட்டை மேய்ச்சலுக்கு ஓட்டிவிட்டுப் பிறகு மருத்துவரைத் தேடுவது வீண் அலைச்சல்.

மருத்துவர் இல்லாத நேரம் பார்த்து ஊசியோடு வருபவர்களும் உண்டு. இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம், 1984-ன்படி பதிவு பெற்ற மருத்துவரே சிகிச்சை அளிக்கலாம். முறையாகப் பயிற்சி பெற்றவர்கள் அவருடைய மேற்பார்வையில் சிறு பணிகளைச் செய்யலாம். யார் போட்டாலும் என்ன மருந்து என்று கேட்டு அந்த நோட்டிலேயே எழுதிக்கொண்டு, எத்தனை நாள் பாலைச் சங்கத்துக்கு ஊற்றக் கூடாது என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கால்நடை வளர்ப்புப் பயிற்சி அளிக்கப்படுகிறது. வீட்டில் மாட்டைக் கவனிப்பவர் யாரோ, அவரையே அதற்கு அனுப்புவது நல்லது.