பூனைக்குட்டியும் வயிற்றுப் புழுவும்
உடல் மெலிந்த பூனைக்குட்டியின் வயிறு மட்டும் பருத்திருப்பின், நன்கு உண்டதன் அறிகுறியென எண்ணற்க. பெரும்பாலும் அது வட்டப்புழுவின் வேலையே. தாய்ப்பால் வழியே இப்புழு குட்டியை அடைகின்றது. ஆதலின் 3ஆம் வாரந்தொட்டுப் பால்மறக்கும்வரை, 2 வாரத்துக்கொருமுறை குட்டிக்கும் தாய்க்கும் மருந்தூட்டல் வேண்டும்.

வாலடியில் அரிசிமணிபோல் ஒட்டியிருப்பவை நாடாப்புழுவின் துண்டுகள். உடலை நக்குகையில் பூனை விழுங்கும் தெள்ளினால் இப்புழு வருகின்றது. தெள்ளை ஒழிக்காவிடின் மருந்தூட்டியும் மீளவரும்.

மனிதர்க்குரிய குளிசையைத் தவிர்த்து, பூனையின் நிறையறிந்து மிருக வைத்தியர் தரும் மருந்தையே கொடுங்கள்.

வட்டப்புழுவின் முட்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்காய் உயிரோடிருக்கும். மண்ணளைந்த சிறுவரின் கைவழியே உட்புகுந்து பொரிக்கும் நுண்புழு, சிலவேளை கண்பார்வையையும் கெடுக்கும். ஆகவே பூனைக்கு மருந்தும் பிள்ளைக்குக் கைகழுவும் பழக்கமும் ஒருங்கே வேண்டப்படுவனவாம்.