வெறுங்கையில் நிறைந்த வாழ்வு

வீடு கட்டி முடிந்தது. மகளுக்கு நல்ல இடத்தில் திருமணம் நடந்தேறிற்று. மகன் திருப்பூரிலோ சென்னையிலோ வேலையில் அமர்ந்துவிட்டான். வாங்கிய கடனும் பெரும்பாலும் அடைந்துவிட்டது. இனி என்ன? நம் பங்குகளில் எத்தனையோ குடும்பத் தலைவர்களின் உள்ளத்தில் ஓசையின்றி எழுகின்ற கேள்வி இது. அதே தெருவில், படித்த படிப்புக்கு வேலை கிடைக்காத இளைஞன் ஒருவன் திண்ணையில் அமர்ந்து, "நான் எதற்காகப் பிறந்தேன்?" என்று தன்னையே கேட்டுக்கொள்கிறான். முன்னவர் எல்லாம் பெற்ற பின் கேட்கிறார்; பின்னவன் எதுவும் பெறாமல் கேட்கிறான். ஆனால் கேள்வி ஒன்றுதான்.

இக்கேள்வியைத் தம் வாழ்நாள் ஆராய்ச்சியாக்கிக் கொண்டவர் வியன்னா நகரத்து மனநல மருத்துவர் விக்டர் பிராங்கல். அவர் யூதர். இரண்டாம் உலகப் போரின்போது நாசிகளின் வதைமுகாம்களில் அடைக்கப்பட்டுக் குடும்பத்தாரை இழந்தவர். அங்கே தாம் கண்டவற்றை 1946-ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். எதற்காகவேனும், யாருக்காகவேனும் வாழவேண்டும் என்ற நோக்கம் உள்ளவனே கொடுந்துன்பத்தையும் தாங்கும் வலிமை பெறுகிறான் என்பது அவர் கண்ட உண்மை. அப்படியானால், தனக்காகக் காத்திருப்பவர் ஒருவரும் இல்லாதவன் என்ன செய்வான்? நோக்கமெல்லாம் நொறுங்கிப் போனவன் எங்கே போவான்? இவ்விடத்தில்தான் நமது விசுவாசம் பேசத் தொடங்குகிறது.

சாலையோரத்தில் ஒரு பெயர்

மதுரையிலிருந்து உசிலம்பட்டி வழியாகத் தேனி செல்லும் சாலையில் பயணம் செய்வோர் கருமாத்தூரைக் கடந்தே வருகிறார்கள். அங்கே சேசு சபையினர் 1970-ஆம் ஆண்டு தொடங்கிய கல்லூரிக்கு அருள் ஆனந்தர் கல்லூரி என்று பெயர். மழையை நம்பிய இப்பகுதியின் உழவர் குடும்பங்களிலிருந்து, வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளைகள் பலரை அது கண்டிருக்கிறது. பேருந்திலிருந்து அப்பெயர்ப் பலகையை நாம் பலமுறை பார்த்திருப்போம். அப்பெயருக்குரியவர் யார்? இக்கேள்விக்கு விடை தேடினால், நம் முதற்கேள்விக்கும் விடை கிடைக்கும்.

1647-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் போர்த்துக்கல் நாட்டின் தலைநகர் லிசுபனில் பிறந்தவர் ஜான் தெ பிரிட்டோ. உயர்குடிப் பிறப்பு, அரண்மனை வாழ்வு, பின்னாளில் அரசராகிய இளவரசர் பேதுருவின் தோழமை. சிறுவயதில் கடும் நோயுற்றபோது தாய் புனித சவேரியாரை மன்றாடி நேர்ந்துகொண்டார், மகன் பிழைத்தான். 1662-இல் சேசு சபையில் சேர்ந்த அவர், குருவாகி, 1673-இல் இந்தியாவுக்குக் கப்பலேறினார். அவரைத் தடுக்கப் பெருமுயற்சி செய்தவர் அவருடைய தாயேதான். கணவரை இழந்த தாய் அவர். எந்தத் தாய்தான் தன் மகனைத் திரும்பி வருவானோ மாட்டானோ என்று அறியாத கடலுக்கு மனமுவந்து அனுப்புவாள்?

மதுரை மிஷனுக்கு வந்த அவர் அருளானந்தர் என்ற பெயர் பூண்டார். 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி காட்டிய வழியில், இந்நாட்டுத் துறவியரைப் போன்றே காவியுடுத்தி, மரக்கறி உணவுண்டு, தரையில் படுத்து வாழ்ந்தார். ஆயினும் உயர்குலத்தாருடன் மட்டும் பழகும் துறவியாக அவர் இருக்கவில்லை. எல்லாக் குலத்தாரிடமும், சிறப்பாகத் தாழ்த்தி வைக்கப்பட்ட மக்களிடமும் தடையின்றிச் செல்லக்கூடிய பண்டார சுவாமியாக வாழ்ந்தார். அரண்மனையில் வளர்ந்தவர் குடிசை வாசலில் அமர்ந்தார்.

உலகத்தின் கணக்கில்

இவரது வாழ்வை உலகத்தின் கணக்கேட்டில் எழுதிப் பாருங்கள். 1686-இல் மறவர் நாட்டில் கைது செய்யப்பட்டுச் சித்திரவதைக்கு ஆளானார். சேதுபதி மன்னர், இனி என் நாட்டில் போதிக்கக்கூடாது என்று கட்டளையிட்டு விடுவித்தார். 1687-இல் மிஷன் அலுவலாகப் போர்த்துக்கலுக்கு அனுப்பப்பட்டார். இளமைத் தோழர் இப்போது அரசர். இங்கேயே தங்கிவிடும் என்று வேண்டினார். மதிப்பும் பாதுகாப்பும் காத்திருந்தன. தாயும் அங்கேதான் இருந்தார். அத்தனையும் விட்டு, 1690-இல் அவர் மீண்டும் தமிழகம் நோக்கிப் புறப்பட்டார். எதற்காக? எந்த நாட்டில் அடிபட்டாரோ அந்த நாட்டு மக்கள் தமக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதற்காக.

மறவர் நாட்டுத் தலைவர்களுள் ஒருவரான தடியத்தேவர் நோயிலிருந்து நலம்பெற்றுத் திருமுழுக்கு வேண்டினார். அவருக்கு மனைவியர் பலர். ஒருவரோடு மட்டுமே வாழவேண்டும் என்பதை அருளானந்தர் விட்டுக்கொடுக்கவில்லை. தடியத்தேவர் இசைந்து, முதல் மனைவியை மட்டும் ஏற்று, 1693 சனவரியில் திருமுழுக்குப் பெற்றார். விலக்கப்பட்டவருள் ஒருவர் சேதுபதி மன்னரின் நெருங்கிய உறவினர். அவரது முறையீடு அரண்மனையை எட்டியது. அப்பெண்ணின் கண்ணீரை நாம் எளிதாகக் கடந்துவிடலாகாது; திருமண வாழ்வில் கைவிடப்பட்ட எவருடைய துயரும் உண்மையான துயரே. பல மனைவியரை மணக்கும் வழக்கமே பெண்ணின் வாழ்வை எவ்வளவு நிலையற்றதாக்கியிருந்தது என்பதற்கும் அக்கண்ணீரே சான்று.

சில நாட்களில் அருளானந்தர் கைதானார். பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் அவரது தலை வெட்டப்பட்டது. அப்போது அவருக்கு வயது 45. உடைமை ஏதுமில்லை. உலகத்தின் கணக்கில் இது தோல்வி. செய்தி லிசுபனை அடைந்தபோது, அன்று அவரைத் தடுத்த அதே தாய், துக்க உடையின்றி விழாக்கோல உடையிலேயே அரசவைக்கு வந்தார் என்று வரலாறு கூறுகிறது. இருபது ஆண்டுகளில் அந்தத் தாயும் ஒரு நெடுவழி நடந்திருக்கிறார். மகனுடைய வாழ்வு வீணாகவில்லை, நிறைவுற்றது என்று அவர் உணர்ந்திருக்கிறார். 1947 சூன் 22-ஆம் நாள் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அருளானந்தரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். இன்றும் ஓரியூரின் செம்மண்ணைப் பக்தியோடு எடுத்துச் செல்லாத திருப்பயணி இல்லை எனலாம்.

நம் மண் கேட்கும் கேள்வி

அதே 1947-இல் நம் பகுதி மக்களுக்கும் ஒரு விடுதலை கிடைத்தது. பிறப்பினாலேயே ஒரு சமூகத்தைக் குற்றவாளிகள் என்று முத்திரையிட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் நீக்கப்பட்டது. ரேகைச் சட்டம் என்று நம் பாட்டன்மார் கசப்போடு குறிப்பிட்ட சட்டம் அதுவே. 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்து நின்றவர்கள்மீது காவல்துறை சுட்டதில், பெண் ஒருவர் உட்பட 15-க்கும் மேற்பட்டோர் உயிர் துறந்தனர். அவர்கள் கேட்டது பொன்னோ பொருளோ அன்று. "நான் குற்றவாளியாகப் பிறக்கவில்லை, மனிதனாகப் பிறந்தேன்" என்பதே அவர்களது எதிர்ப்பின் பொருள்.

அத்தகைய மானமுள்ள மண்ணிலே வேறொரு வேதனையும் நிகழ்ந்தது. பெண் சிசுக்கள் கொல்லப்படும் செய்தி 1980-களில் நாடெங்கும் பரவி, உசிலம்பட்டி என்ற பெயரே அத்துடன் சேர்த்துப் பேசப்படலாயிற்று. இக்கொடுமை நம் வட்டாரத்துக்கு மட்டும் உரியதன்று. வரதட்சணையும் சீர்வரிசையும் வறுமையும் சேர்ந்து பல பகுதிகளில் அதை வளர்த்தன. 1992-இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. பிற்காலத்தில் கருவிலேயே பாலறிந்து அழிக்கும் கொடுமையும் தலைதூக்கிற்று. இதன் வேர் எங்கே? "இவளால் என்ன பயன்? இவளுக்கு எவ்வளவு செலவு?" என்ற கணக்கிலேதான்.

பயனைக் கொண்டு உயிரை அளக்கத் தொடங்கினால், அந்த அளவுகோல் முதலில் பெண் குழந்தையைத் தள்ளும், அடுத்து முதியோரைத் தள்ளும், பின்பு நோயாளியை, இறுதியில் அளந்தவனையே தள்ளும். வேலையில்லாத இளைஞனைத் திண்ணையில் வாட்டுவதும், ஓய்வுபெற்ற தந்தையை "இனி என்ன?" என்று ஏங்க வைப்பதும் அதே அளவுகோல்தான். விசுவாசமோ வேறு அளவுகோலைத் தருகிறது. நாம் எதையேனும் சாதித்த பிறகு இறைவன் நம்மை நேசிக்கத் தொடங்கவில்லை. பிறக்கும் முன்பே பெயர் சொல்லி அழைத்தவர் அவர். நமது மதிப்பு நாம் சம்பாதித்த பொருளன்று; பெற்றுக்கொண்ட கொடை.

பெற்றது கொடுப்பதற்கே

கொடையாகப் பெற்றதை மூடிவைத்தால் அது கெட்டுப்போகும். லூக்கா நற்செய்தியின் 12-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கூறும் செல்வனை நினைத்துக்கொள்ளுங்கள். அவனுடைய நிலம் நன்றாக விளைந்தது. அவன் திருடவுமில்லை, ஏமாற்றவுமில்லை. களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டமிட்டான். ஆனால் அவனுடைய பேச்சில் தன்னைத் தவிர வேறொரு மனிதனுக்கு இடமில்லை. அன்றிரவே அவன் உயிர் பிரிய இருந்தது. இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கமும் 1965-இல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டில், மனிதன் தன்னையே கொடையாக அளிக்கும்போதுதான் தன்னை முழுமையாகக் கண்டடைகிறான் என்ற கருத்தை வலியுறுத்துகிறது.

இதற்காக நாம் எல்லாரும் கப்பலேறவோ கழுத்தை நீட்டவோ வேண்டியதில்லை. கோதுமை மணி மடிவதற்கு ஒவ்வொருவருக்கும் ஒரு நிலம் உண்டு. படுக்கையில் கிடக்கும் மாமியாரைக் குளிப்பாட்டும் மருமகளுக்கு அந்த வீடே நிலம். வரதட்சணை வேண்டாம் என்று உறவினர் முன்னிலையில் துணிந்து சொல்லும் மணமகனுக்கு அந்த நிச்சயதார்த்தப் பந்தலே ஓரியூர். மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தபோது முகம் சுளிக்காமல் சர்க்கரை வழங்கும் தந்தை, தெருவறிய ஒரு மறையுரை நிகழ்த்துகிறார். ஓய்வுபெற்ற ஆசிரியர் மாலை வேளையில் ஏழைப் பிள்ளைகள் நால்வருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தால், "இனி என்ன?" என்ற கேள்விக்கு அப்பிள்ளைகளே விடையாக வந்து நிற்பார்கள்.

வேலையின்றி வாடும் இளைஞனுக்கு இச்சொற்கள் மட்டும் போதா. அவனுக்கு வேலையும் வேண்டும். அதற்கு வழிகாட்டுவது பங்குச் சமூகத்தின் கடமை. ஆனால் வேலை வரும்வரை அவன் மதிப்பற்றவன் அல்லன் என்பதை முதலில் அவனுடைய வீடு அவனுக்குச் சொல்லவேண்டும்.

அன்புள்ள குடும்பத்தாரே, இன்றிரவு குடும்பச் செபமாலை முடிந்ததும் எழுந்துவிடாதீர்கள். சற்றே அமர்ந்து ஒருவரையொருவர் கேளுங்கள்: இன்று நாம் யாருக்குப் பயன்பட்டோம்? நம் வீட்டில் தான் வேண்டாதவர் என்று எண்ணி வருந்துபவர் யாரேனும் உண்டா? நாளை யாருடைய வாசலுக்குச் செல்லவேண்டும்? மூன்றாம் கேள்விக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டால் போதும். நாளைய பொழுது எதற்காக விடிகிறது என்பது நமக்குத் தெரிந்துவிடும். அடுத்தமுறை கருமாத்தூரைக் கடக்கும்போது, வெறுங்கையோடு வந்து வெறுங்கையோடு சென்று, முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் நம் பிள்ளைகளுக்கு ஒளி தரும் அப்பெயரை நன்றியோடு வாசியுங்கள்.